பழைய காருக்கு முன்கண்ணாடி பொருத்துதல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பழைய கார்களின் கதவு ரப்பர்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை முன்கண்ணாடியையும் அதைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங்கையும் பற்றியே கேட்டிருந்ததால், இந்த இதழின் பதில்கள் அனைத்தையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: என் காரில் டிங்கரிங், பெயின்ட் வேலைகள் முடிந்துவிட்டன. இனி முன்கண்ணாடியைப் புதிய ரப்பருடன் பொருத்த வேண்டும். கயிற்றை இழுத்துப் பொருத்தும் முறையை இருவர் சேர்ந்து வீட்டிலேயே செய்ய இயலுமா? விரிவாக விளக்க வேண்டுகிறேன்.

பதில்: இயலும். ஆனால் கயிற்றைக் கையில் எடுப்பதற்கு முன் திறப்பைச் சுற்றியுள்ள தகர விளிம்பைப் பாருங்கள். ரப்பரின் ஒரு பக்கத்துப் பள்ளம் கண்ணாடியின் ஓரத்தைக் கவ்வுகிறது, மறு பக்கத்துப் பள்ளம் அந்த விளிம்பைக் கவ்வுகிறது. இவ்விரண்டு பிடிப்புகளைத் தவிரக் கண்ணாடியை நிறுத்தி வைக்க அங்கே திருகோ ஆணியோ எதுவும் கிடையாது. ஆகவே விளிம்பு நேராகவும், சீரான கனத்துடனும், துருவின்றியும் இருந்தால் பாதி வேலை அப்போதே முடிந்துவிட்டது என்பது என் உறுதியான கருத்து. நீர் கசியாமல் அடைக்கப் பூசும் சீலன்ட் பசையின் பழைய மிச்சத்தை முழுவதும் சுரண்டி எடுங்கள். கீழ் மூலைகள் இரண்டையும் வெளிச்சம் வைத்துப் பாருங்கள். ரப்பருக்கு அடியில் இறங்கும் நீர் அங்கேதான் தேங்கும் என்பதால் துருவும் அங்கேதான் முதலில் பிடிக்கும். துருவை நீக்கி, ப்ரைமரும் பெயின்ட்டும் அடித்த பிறகு, பெயின்ட் முழுமையாக இறுகும்வரை காத்திருப்பது அவசியம். மேற்புறம் காய்ந்ததாகத் தோன்றினாலும் அடியில் மென்மையாக உள்ள பெயின்ட்டின் மீது ரப்பர் அழுந்தினால், தடம் பதிந்து, அடுத்த முறை கழற்றும்போது பெயின்ட் ரப்பரோடு உரிந்து வந்துவிடும்.

கூரையின் உட்துணி ஓரம் விளிம்பில் ஒட்டப்படும் வகைக் கார்களில், அதை ஒட்டி முடித்த பிறகே கண்ணாடிக்கு வர வேண்டும். டேஷ்போர்டையும் அதற்கு அடியிலுள்ள காற்றுக் குழாய்களையும் கண்ணாடி இல்லாத திறப்பின் வழியாகப் பொருத்துவது மிக எளிது என்பதால் அவற்றையும் முன்கூட்டியே முடித்துவிடுங்கள். வைப்பர் கைகளைக் கழற்றி வையுங்கள். கார் நான்கு சக்கரங்களிலும் சமதளத்தில் நிற்க வேண்டும். ஜாக்கியில் ஏற்றி நிறுத்திய பழைய உடல் சற்றே முறுகி, திறப்பின் வடிவம் மாறக்கூடும்.

இனி ரப்பர். அதைக் காரில் மாட்டிவிட்டுக் கண்ணாடியை நுழைக்க முயல வேண்டாம். முதலில் கண்ணாடியில் மாட்டுங்கள். கனமான போர்வை விரித்த மேசையில் கண்ணாடியை வைத்து, ரப்பரை வெயிலிலோ வெதுவெதுப்பான நீரிலோ சிறிது நேரம் வைத்து இளக்கி, மூலைகளை முதலில் உட்கார வைத்து, பிறகு நேரான பகுதிகளுக்கு வாருங்கள். மூலைகளில் அச்சிட்டு வார்த்த ரப்பராக இருந்தால் மேல் மூலைக்கும் கீழ் மூலைக்கும் வளைவு வேறுபடும். தலைகீழாக மாட்டிவிட்டால் எவ்வளவு இழுத்தாலும் பொருந்தாது. ரப்பர் கண்ணாடியை விட்டுக் கழன்றுகொண்டே இருந்தால், காகித ஒட்டுநாடாவால் ஐந்தாறு இடங்களில் குறுக்கே கட்டி வைக்கலாம்.

அடுத்து, தகர விளிம்பைக் கவ்வவேண்டிய வெளிப் பள்ளத்துக்குள் 4 அல்லது 5 மி.மீ. தடிமனுள்ள வழுவழுப்பான நைலான் கயிற்றைச் சுற்றிலும் பதிக்க வேண்டும். ஒரு சிறிய உலோகக் குழாயின் வழியாகக் கயிற்றைக் கோத்து, குழாயின் முனையைப் பள்ளத்துக்குள் நுழைத்து ஓட்டிச் சென்றால், பள்ளத்தின் வெளி ஓரமான உதடு தானாக விரிந்து, கயிறு பின்னாலேயே அடியில் படிந்துகொண்டு வரும்; விரலால் அழுத்திப் பதிப்பதைவிட இது பல மடங்கு விரைவானது. கயிற்றின் இரு முனைகளும் கீழ்ப்பக்கத்தின் நடுவில் ஒன்றையொன்று ஒரு சாண் அளவுக்குத் தாண்டிச் சென்று, காரின் உட்பக்கம் வரும்படித் தொங்க வேண்டும். முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாவிட்டால், நடுவில் சிறிதளவு உதடு திரும்பாமல் வெளியே நின்றுவிடும்.

பள்ளத்திலும் தகர விளிம்பிலும் சோப்பு நீரைத் தாராளமாகப் பூசுங்கள். இருவரும் கண்ணாடியைத் தூக்கி, கீழ்ப்பக்கத்தை முதலில் விளிம்பின் மீது நடுவில் சரியாக அமர்த்தி, மேற்பக்கத்தை மெல்லச் சாய்த்து வையுங்கள். ஒருவர் வெளியே நின்று உள்ளங்கைகளை விரித்து அழுத்த வேண்டும். மற்றவர் உள்ளே அமர்ந்து கயிற்றை இழுக்க வேண்டும். இழுக்கும் திசையில்தான் நுட்பம் இருக்கிறது. கயிற்றை நேராகத் தன் மார்பை நோக்கி இழுத்தால் அது உதட்டை அறுத்துவிடும். கண்ணாடியின் பரப்பை ஒட்டினாற்போல், அதன் நடுப்பகுதியை நோக்கி இழுத்தால், உதடு விளிம்பின் மேல் எழும்பிப் புரண்டு உட்பக்கம் விழும். அந்தக் கணத்தில் ஒரு மெல்லிய ‘தப்’ என்ற ஓசை கேட்கும். அந்த இடத்தில் வேலை முடிந்தது. வெளியே இருப்பவரின் கை, கயிறு எங்கே வருகிறதோ அங்கேயே உடன் நகர்ந்துகொண்டிருக்க வேண்டும். ஒரு முனையைச் சிறிது, மறுமுனையைச் சிறிது என்று மாறி மாறிக் கீழ்ப்பக்கத்தை முடித்து, மூலைகளைக் கடந்து, பக்கங்களில் ஏறி, கடைசியாக மேற்பக்கத்தின் நடுவில் இரு முனைகளும் சந்திக்கும்படி இழுங்கள்.

கயிறு எங்கேனும் இறுகி நின்றால் பலத்தைக் கூட்டாதீர்கள். அங்கே சோப்பு நீர் காய்ந்திருக்கும், அல்லது கண்ணாடி ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும். நீர் பூசி, கண்ணாடியைச் சற்று நகர்த்தி, மீண்டும் தொடங்குங்கள். முஷ்டியால் குத்துவதும் சுத்தியலின் பிடியால் தட்டுவதும் கூடவே கூடாது. 6 மி.மீ. கனமுள்ள லேமினேட்டட் கண்ணாடி (இரு தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் ஏடு வைத்து ஒட்டியது) சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 15 கிலோ எடையிருக்கும். பரவலான அழுத்தத்தைத் தாங்கும் அது, ஒரு புள்ளியில் விழும் அடியைத் தாங்காது. கையுறையும் கண் காப்புக் கண்ணாடியும் அணிந்தே செய்யுங்கள்.

கேள்வி: ரப்பர் எளிதாக வழுக்கிச் செல்வதற்காகக் கிரீஸ் அல்லது வாசலின் தடவலாம் என்கிறார்களே?

பதில்: வேண்டாம். இரண்டுமே பெட்ரோலியத்திலிருந்து வருபவை. இயற்கை ரப்பரானாலும் இப்போது பெரும்பாலும் விற்கப்படும் ஈ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பரானாலும் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் நாளடைவில் ஊதி, மென்மையாகி, பிடிப்பை இழக்கும். சோப்பு நீர் காய்ந்துவிடும், ரப்பரும் தன் இடத்தில் நின்றுவிடும். எண்ணெய்ப் பசை காயாது, அதன்மேல் பூசும் சீலன்டும் ஒட்டாது. சிலிக்கோன் கிரீஸ் ரப்பரைக் கெடுக்காது என்றாலும், அது பட்ட இடத்தில் பின்னர் பெயின்ட் பிடிக்காமல் குழி குழியாக விலகும். பாத்திரம் கழுவும் மென்மையான சோப்புக் கரைசலே போதும்.

கேள்வி: புதிய லேமினேட்டட் கண்ணாடி இரண்டு முறை பொருத்தும்போதே விரிந்துவிட்டது. இரண்டு முறையும் வலது கீழ் மூலையிலிருந்தே விரிசல் கிளம்பியது. கண்ணாடி தரமற்றதா?

பதில்: ஒரே மூலையில் இரண்டு கண்ணாடிகள் விரிந்தன என்றால், ஐயப்பட வேண்டியது கண்ணாடியை அன்று, காரின் உடலை. அந்த மூலையில் விளிம்பின் மீது வெல்டிங் திரட்டோ பெயின்ட்டுக்கு முன் தடவும் பட்டியின் மேடோ இருக்கலாம்; அல்லது முன்பு எப்போதோ நடந்த மோதலுக்குப் பின் திறப்பே சற்று முறுகியிருக்கலாம். ரப்பர் மாட்டிய பிறகு இவற்றைக் காண முடியாது என்பதால், மூன்றாவது கண்ணாடியை வாங்குவதற்கு முன் திறப்பை வெறுமையாக வைத்து ஆராயுங்கள்.

இரு மூலைவிட்டங்களையும் அளந்து ஒப்பிடுவது முதல் வேலை. பிறகு, விரிந்துபோன பழைய கண்ணாடியையே, உடையாத அளவுக்கு ஒட்டுநாடாவால் இறுக்கிக்கொண்டு, அளவுகோலாகப் பயன்படுத்தலாம். பழைய ரப்பரிலிருந்து விரல் நீளத் துண்டுகள் சிலவற்றை வெட்டி, திறப்பைச் சுற்றிலும் இடைவெளி விட்டு மாட்டி, அவற்றின்மீது கண்ணாடியைச் சாய்த்து வையுங்கள். துண்டுகளுக்கு இடையே கண்ணாடியின் ஓரத்துக்கும் தகரத்துக்கும் உள்ள இடைவெளி கண்ணுக்கு நேராகத் தெரியும். ஓரிரு மில்லிமீட்டர் வேறுபாட்டை ரப்பர் ஏற்றுக்கொள்ளும். அதற்கு மேல் இருந்தால், அல்லது ஒரு மூலையை மெல்ல அழுத்தும்போது எதிர் மூலை எழும்பி ஆடினால், டிங்கரிங் செய்பவரிடம் கார் திரும்பப் போக வேண்டும். பெயின்ட் அடித்த பிறகு இதைச் செய்வது மனத்துக்கு எவ்வளவு கடினம் என்பதை அறிவேன். ஆனாலும் முறுகிய திறப்பில் கண்ணாடியைத் திணித்து நிறுத்தினால், ஒரு மேடுபள்ளத்தில் ஏறி இறங்கும்போது அது விரிந்துவிடும்.

கண்ணாடியின் ஓரத்தையும் ஒருமுறை கையுறை அணிந்த விரலால் தடவிப் பாருங்கள். பொருத்தும்போது வரும் விரிசல் பெரும்பாலும் ஓரத்திலுள்ள ஒரு சிறு சில்லிலிருந்தே பிறக்கிறது. அப்படி ஒரு சில் தட்டுப்பட்டால், ஈரமான மென்மையான சாணைக்கல்லால் அதை வழவழப்பாக்கிய பிறகே ரப்பரை மாட்ட வேண்டும்.

கேள்வி: புதிய ரப்பரின் மூலைகள் கண்ணாடியிலிருந்து தூக்கிக்கொண்டு நிற்கின்றன. பழைய ரப்பர் இப்படி இருந்ததில்லை. எங்கே கோளாறு?

பதில்: முதலில் கண்ணாடியின் கனத்தை அளந்து பாருங்கள். பழைய கண்ணாடி 6 மி.மீ. இருந்து, புதியது 5 மி.மீ. என்றால், பள்ளம் தளர்ந்து ரப்பர் புரளும். ரப்பர் ஒரே காரின் வேறு ஆண்டு மாடலுக்கு உரியதாகவும் இருக்கலாம். வெளித்தோற்றம் ஒன்றாக இருக்க, பள்ளங்களின் ஆழம் மட்டும் மாறுவது மிகச் சாதாரணம். பழைய ரப்பரில் ஒரு துண்டையும் புதியதில் ஒரு துண்டையும் குறுக்கே வெட்டிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் விடை கிடைக்கும். ஆகவே புதியது பொருந்தி முடியும்வரை பழையதைத் தூக்கி எறியாதீர்கள்.

மீட்டர் கணக்கில் வாங்கி நீங்களே வெட்டிய ரப்பர் என்றால், குட்டையாக வெட்டியிருப்பீர்கள். இழுபட்ட ரப்பர் மூலையைக் குறுக்குவழியில் கடக்கப் பார்க்கும். அதனால்தான் அங்கே தூக்குகிறது. இழுக்காமல் சுற்றி வைத்து, தேவையான நீளத்தைவிடச் சிறிதளவு கூடுதலாக வெட்டி, முனைகள் ஒன்றையொன்று நெருக்கும்படி அமர்த்த வேண்டும். காலப்போக்கில் ரப்பர் சுருங்கும்போது அந்தக் கூடுதல் நீளம் கை கொடுக்கும்.

கேள்வி: ரப்பரும் கண்ணாடியும் புதியவை. சுற்றிலும் சிலிக்கோன் பூசியும் மழையில் கால் வைக்கும் இடம் நனைகிறது. இன்னும் ஒரு சுற்று பூசலாமா?

பதில்: தயவு செய்து பூசாதீர்கள். நீர் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் பூசும் ஒவ்வொரு சுற்றும், உண்மையான வழியை மறைப்பதோடு, உள்ளே புகுந்த நீர் வெளியேறும் வழியையும் அடைத்துவிடுகிறது. கால் வைக்கும் இடத்தில் நீரைக் கண்டதும் முன்கண்ணாடி ரப்பரைக் குற்றம் சொல்வது வழக்கம். ஆனால் வைப்பர் அச்சு வெளியே வரும் துளையின் ரப்பர், கண்ணாடிக்குக் கீழே உள்ள காற்றுப் பெட்டியின் அடைபட்ட வடிகால், அதன் துருப்பிடித்த தையல், கதவின் உட்புறப் பிளாஸ்டிக் விரிப்பு ஆகியவையும் அதே இடத்தையே நனைக்கும்.

சோதனையைப் பொறுமையாகச் செய்யுங்கள். உள்ளே ஒருவர் டார்ச்சுடன் அமர்ந்திருக்க, மற்றவர் அழுத்தம் இல்லாத குழாய் நீரைக் கீழிருந்து தொடங்க வேண்டும். முதலில் காற்றுப் பெட்டி மட்டும், சில நிமிடங்கள். நீர் வராவிட்டால் கண்ணாடியின் கீழ் ஓரம், பிறகு மூலைகள், பக்கங்கள், மேல் ஓரம். மேலிருந்து ஊற்றினால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்து, ஒன்றும் புலப்படாது. இதிலும் பிடிபடாவிட்டால், கதவுக் கண்ணாடிகளை மூடி, காற்று விசிறியை முழு வேகத்தில் வெளிக்காற்றை உள்ளிழுக்கும் நிலையில் வைத்து, வெளியே ரப்பரைச் சுற்றிச் சோப்பு நீரைப் பூசுங்கள். கசியும் இடத்தில் குமிழ்கள் எழும். ரப்பரின் உட்பக்க ஓரத்தில் சுண்ணாம்புத் தூளைத் தூவி வைத்தால், முதல் துளி வந்த தடம் தெளிவாகப் படியும்.

கசிவு ரப்பரில்தான் என்று உறுதியானால், அது இரண்டில் ஒரு வழியாக இருக்கும்: கண்ணாடிக்கும் ரப்பருக்கும் இடையில், அல்லது ரப்பருக்கும் தகரத்துக்கும் இடையில். எந்த வழி என்று கண்டறிந்து, அங்கே மட்டும் உதட்டைப் பிளாஸ்டிக் பட்டையால் தூக்கி, இறுகாமல் என்றும் குழைவாகவே இருக்கும் வகை கண்ணாடி மாஸ்டிக்கை மெல்லிய மூக்கு வழியாகச் செலுத்த வேண்டும். வினிகர் வாடை வீசும் சாதாரண சிலிக்கோன் இறுகும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடுகிறது. பெயின்ட் கீறிய இடத்தில் அது தகரத்தை அரிக்கத் தொடங்கும். நீங்கள் பூசியிருப்பது அந்த வகை என்றால், கண்ணாடியைக் கழற்றி, முழுவதும் அகற்றி, விளிம்பைப் பார்த்துவிடுவதே நல்லது. விளிம்பின் பொருத்தத்தில் உள்ள குறையை எந்தப் பசையும் நெடுநாள் மறைத்து வைக்காது.

கேள்வி: என் காரின் முன்கண்ணாடி ஓரங்களில் பால்போல் வெளுத்திருக்கிறது. சரிசெய்ய முடியுமா? அது லேமினேட்டட் கண்ணாடிதானா என்பதை எப்படி அறிவது?

பதில்: ஓரம் வெளுப்பதே அது லேமினேட்டட் என்பதற்குச் சான்று. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே உள்ள பிளாஸ்டிக் ஏட்டுக்குள் ஓரத்தின் வழியாக ஈரம் புகுந்து, ஒட்டுதல் விட்டுப்போவதால் அந்த வெண்மை வருகிறது. அதைத் திரும்பச் சேர்க்க வழியில்லை. ரப்பருக்கு அடியில் மறையும் அளவோடு நின்றால் கவலையில்லை. பார்வைப் பகுதிக்குள் பரவத் தொடங்கினால் மாற்றியே ஆக வேண்டும்.

இந்த வகைக் கண்ணாடிக்கு வழிவகுத்தவர் பிரெஞ்சு வேதியியலர் எத்துவார் பெனெதிக்துஸ். 1903இல் செல்லுலோஸ் நைட்ரேட் என்ற பிளாஸ்டிக் படிந்திருந்த ஒரு குடுவை கீழே விழுந்தும் சிதறாமல் நின்றதைக் கண்டு, 1909இல் அவர் காப்புரிமை பெற்றார். அந்தப் பிளாஸ்டிக்கால் ஆன ஏடு வெயிலில் மஞ்சளாகிவிடும் குறை இருந்தது. 1930களின் இறுதியில் பாலிவினைல் பியூட்டிரால் ஏடு வந்த பிறகே அது நீங்கியது. அதன் கனமும் 1960களின் நடுவில் 0.38 மி.மீ.இலிருந்து 0.76 மி.மீ.ஆக இரட்டிப்பாகி, மோதலில் தலை கண்ணாடியைத் துளைத்து வெளியே போகும் ஆபத்து வெகுவாகக் குறைந்தது. ஆகவே அசல் கண்ணாடியைப் போற்றும் உணர்வை மதிக்கிறேன் என்றாலும், சாலையில் ஓடும் காருக்குப் புதிய லேமினேட்டட் கண்ணாடியையே பரிந்துரைப்பேன். பழைய கார்கள் சிலவற்றில் டஃபன்ட் (வெப்பத்தால் பதப்படுத்தி வலுவூட்டிய ஒற்றைத் தகடு) கண்ணாடியும் முன்புறம் வந்தது; அது உடையும்போது முழுப் பரப்பும் ஒரே நொடியில் நொறுங்கி, ஓட்டுபவருக்குச் சாலையே தெரியாமல் போய்விடும். அதை வெட்டவோ ஓரம் தேய்க்கவோ முயன்றாலும் அப்படியே சிதறும். உங்கள் கண்ணாடி வளைவற்ற தட்டையானது என்றால், லேமினேட்டட் தகட்டிலிருந்தே வெட்டித் தரச் சொல்லலாம். அளவைத் திறப்பிலிருந்து எடுக்காமல் பழைய கண்ணாடியிலிருந்து எடுங்கள்.

கேள்வி: ரப்பரின் மீது வரும் பளபளப்பான பட்டையை எப்போது பொருத்துவது?

பதில்: காரைப் பொறுத்தது. ஃபோக்ஸ்வாகன் பீட்டில் போன்றவற்றில் அந்த உலோகப் பட்டையைக் கண்ணாடி மேசையில் இருக்கும்போதே ரப்பரில் செருகிவிட வேண்டும். காரில் ஏறிய பிறகு செருக முயன்றால் பட்டை மடங்கிவிடும். மினி போன்றவற்றில் அது வெறும் அலங்காரமன்று, ரப்பரைக் கண்ணாடியோடு இறுக்கும் பூட்டு. எனவே கண்ணாடி அமர்ந்த பிறகு, வளையமும் உருளையும் கொண்ட அதற்கான கருவியால், சோப்பு நீர் விட்டுச் செருக வேண்டும். பட்டையின் இணைப்பும் ரப்பரின் இணைப்பும் ஒரே இடத்தில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இன்றைய கார்களைப் போல என் பழைய காரிலும் ரப்பரை விட்டுவிட்டு யூரித்தேன் பசையால் கண்ணாடியை ஒட்டிவிட்டால் கசிவே இருக்காது அல்லவா?

பதில்: இன்றைய கார்களில் ஒட்டப்பட்ட கண்ணாடி உடலின் வலிமையில் ஒரு பங்கைச் சுமக்கும்படி வடிவமைக்கப்பட்டது, அதற்கேற்ப அகலமான, கண்ணாடிக்கு இணையான விளிம்பும் அங்கே உண்டு. பழைய காரில் விளிம்பு குறுகியது, அதன் திசையும் வேறு, கண்ணாடியும் விளிம்பின்மேல் படியும் அளவுக்குப் பெரிதன்று. ஓடும்போது அந்த உடல் சற்றே நெளிவதை ரப்பர் உள்வாங்கிக்கொள்கிறது. பசை அந்த நெளிவை நேரே கண்ணாடிக்குக் கடத்தும். ரப்பரை வைத்துக்கொண்டே அதற்குள் யூரித்தேனைச் செலுத்துவோரும் உண்டு. அப்படிச் செய்தால் கசிவு சில காலம் நிற்கலாம், ஆனால் அடுத்த முறை கண்ணாடியை உடைக்காமலும் விளிம்பின் பெயின்ட்டைப் பிய்க்காமலும் வெளியே எடுக்க முடியாது. ரப்பர் முறையில், வெளி உதட்டைக் கத்தியால் அறுத்து எடுத்துவிட்டு, உள்ளிருந்து உள்ளங்கையால் மெல்லத் தள்ளினாலே கண்ணாடி முழுதாக வெளிவந்துவிடும். புதிய ரப்பர் ஒன்றே செலவு.